ஓவர் கொடுத்துவிட்டுத்தான் போவார்

அந்த சிஸ்டரின் பெயர் எனக்குத் தெரியாது. ஒன்பது வருஷம் ஒரே கட்டடத்தில் வேலை பார்த்தோம். வெள்ளைச் சேலையின் தோள்பட்டையில் பெயர் எழுதிய தகடு ஒன்று குத்தியிருப்பார். அதன்மேல் இரண்டு பேனாவும் ஒரு சின்னக் கத்தரிக்கோலும் கிடந்து பாதி எழுத்தை மறைக்கும். விலக்கிப் படிக்க வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். ஒரு பெண்பிள்ளையின் தோளை உற்றுப் பார்ப்பது எனக்கு வராத காரியம். கேட்டிருக்கலாம். முதல் மாதம் கூச்சத்தில் கேட்கவில்லை. அதற்கப்புறம் கேட்டால் இத்தனை நாளாகத் தெரியாமலா இருந்தாய் என்பார்களே என்று விட்டுவிட்டேன். எல்லோருக்கும் அவர் பெரிய சிஸ்டர். எனக்கும் அப்படியே.

மாட்டுத்தாவணியைத் தாண்டி மேலூர் ரோட்டில் இருந்த தனியார் ஆஸ்பத்திரி அது. தரைத்தளம் போக மூன்று மாடி. நான் அங்கே லிஃப்ட் ஆப்பரேட்டர். படித்தது அஞ்சாம் வகுப்பு. லிஃப்டில் மொத்தம் நாலு பொத்தான். அதற்கு அந்தப் படிப்பு தாராளம். வாயைத் திறக்காமல் செய்யக்கூடிய வேலை என்பதால் எனக்கு ரொம்பப் பிடித்தும் இருந்தது.

முதல் நாள் காலையில் ஸ்டூலில் உட்கார்ந்து பொத்தான்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பெரிய சிஸ்டர் ஏறினார்.

"புது ஆளா தம்பி?"

தலையை ஆட்டினேன்.

"உனக்கு யாரு ஓவர் குடுத்தா?"

எனக்குப் புரியவில்லை. விழித்தேன்.

"குடுக்கலையா? முன்னாடி இருந்த ஆளு சொல்லாமக் கொள்ளாம துபாய்க்குப் போயிட்டான். சரி, நானே தாரேன், கேட்டுக்க. ரெண்டாவது மாடியில இந்தப் பெட்டி ரெண்டு விரக்கடை கீழ நிக்கும். வயசானவுகளுக்கு முன்கூட்டியே சொல்லிரணும். தடுக்கி விழுந்தா எலும்பு டாக்டருக்குத்தான் லாபம். ஃபேன் சுவிட்சைத் தொட்டா சுர்ருங்கும், பேனா மூடியால தட்டு. பன்னெண்டரைக்குச் சாப்பாட்டு வண்டி ஏறும். சாம்பார் வாளிக்கு மூடி சரியில்ல, காலைத் தூக்கிக்க. எங்க, திருப்பிச் சொல்லு."

திருப்பிச் சொன்னேன். இரண்டு விரக்கடையை மறந்துவிட்டேன். மறுபடி சொல்லச் சொன்னார்.

"வாங்கிட்டேன்னு சொல்லு."

"வாங்கிட்டேங்க."

அதற்குப் பிறகுதான் அவருக்கு நிம்மதி வந்தது. லிஃப்டைவிட்டு இறங்கிப் போனார்.

அந்த ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வேலை முடிந்து போகும்போது, அடுத்து வருகிற நர்ஸை ஒவ்வொரு கட்டிலாகக் கூட்டிப்போய், இவருக்கு இது, அவருக்கு அது என்று ஒப்படைக்க வேண்டும். நோட்டில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும். இதற்கு ஓவர் கொடுப்பது, ஓவர் வாங்குவது என்று பேர். எல்லா நர்ஸும் செய்கிற வேலைதான். ஆனால் பெரிய சிஸ்டருக்கு அது ரத்தத்தில் ஊறிவிட்டது. எதையும் அவரால் சும்மா விட்டுவிட்டு வர முடியாது. எதுவானாலும் யார் கையிலாவது ஒப்படைத்து, வாங்கிட்டேன் என்று ஒரு வார்த்தை வாங்கினால்தான் அவருடைய கால் நகரும்.

ஒரு முறை ஒரு விசேஷத்துக்காக மேலூர் பஸ்ஸில் போனேன். முன்சீட்டில் அவர். அவருடைய நிறுத்தம் வந்ததும் எழுந்தார். பக்கத்தில் நின்றிருந்த ஒருவர் உட்காரப் போனார். "இருங்க" என்று கையைக் காட்டி நிறுத்தினார். "இடது பக்கம் ஒரு ஆணி நீட்டிக்கிட்டு இருக்கு, வேட்டி கிழியும். சன்னல் கண்ணாடி பாதியில நிக்கும், இழுக்காதீங்க, கையோட வந்துரும். முன்னாடி சீட்டுல இருக்க பிள்ளைக்கு வாந்தி வார மாதிரி இருக்கு, எலுமிச்சம்பழம் குடுத்திருக்கேன், பாத்துக்கங்க." அந்த ஆள் உட்காருவதா வேண்டாமா என்று நின்றார். கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். "வாங்கிட்டேன்னு சொல்லுங்கண்ணே, வண்டிய எடுக்கணும்" என்றார் கண்டக்டர். அவருக்கு ஏற்கெனவே பழக்கம் போலிருக்கிறது.

இதெல்லாம் ஒன்றுமே இல்லை. அவர் மகள் கல்யாணம் மேலூரில் ஒரு மண்டபத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து நாங்கள் ஒரு வேன் பிடித்துப் போயிருந்தோம். தாலி கட்டி முடிந்து, மாப்பிள்ளையும் பெண்ணும் போட்டோவுக்கு நின்ற நேரம். பெரிய சிஸ்டர் மேடையேறி மாப்பிள்ளையை ஓரமாகக் கூப்பிட்டார். மாப்பிள்ளை கிரானைட் கம்பெனியில் சூப்பர்வைசர். நல்ல பையன்.

"மாப்ள, காலையில எந்திரிச்சு அரை மணி நேரம் எதுவும் பேசாதீங்க, பதில் வராது. கோவம்னு நெனச்சிராதீங்க, பிறவியிலேயே அப்படி. கத்தரிக்கா சேராது, உடம்பெல்லாம் தடிச்சிரும். பதினோரு வயசுல இடது கை முறிஞ்சிருக்கு, மழைக்காலத்துல லேசா வலிக்கும். சத்தமாத் தும்மும், பயந்துராதீங்க."

மாப்பிள்ளைக்கு வேர்த்துவிட்டது. அவருடைய அம்மா பக்கத்தில் நின்ற உறவுக்காரப் பெண்ணிடம், "என்னடி இவுக, பொண்ணக் குடுக்குறாகளா, பேசண்டக் குடுக்குறாகளா?" என்று கேட்டது எங்கள் வரிசை வரைக்கும் கேட்டது.

"வாங்கிட்டேன்னு சொல்லுங்க மாப்ள."

"வாங்கிட்டேன் அத்தை."

அந்தக் கல்யாணத்தில் அந்த இடத்தில்தான் பெரிய சிஸ்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தாலி கட்டும்போது அழவில்லை.

இப்படிப்பட்ட ஒருவரை ஆஸ்பத்திரி எப்படிப் பயன்படுத்திக்கொண்டது என்று சொல்ல வேண்டும்.

நர்ஸ்களுக்கு அங்கே பன்னிரண்டு மணி நேர வேலை. இரண்டாவது மாடி ஜெனரல் வார்டில் முப்பது கட்டில், முப்பதுக்கும் ஒரே நர்ஸ். உட்கார ஒரு நாற்காலி கிடையாது. நோயாளியைப் பார்க்க வருகிறவர்களுக்கு நாற்காலி உண்டு, நர்ஸுக்கு இல்லை. நர்ஸ் உட்கார்ந்திருந்தால் வேலை செய்யாத மாதிரி தெரியும் என்பது மேனேஜரின் கருத்து. அதனால் அந்தப் பிள்ளைகள் லிஃப்டில் ஏறியதும் என்னிடம், "அண்ணே, ரெண்டு மாடிக்கு மட்டும் உக்காந்துக்கிறேன்" என்று கேட்பார்கள். நான் எழுந்து ஸ்டூலைக் கொடுப்பேன். வாயால் ஆறுதல் சொல்ல எனக்கு வராது. அதனால் எல்லாப் பொத்தானையும் அழுத்திவிடுவேன். எல்லா மாடியிலும் நின்று நின்று போகும். அவர்களுக்கு இன்னும் ஒரு நிமிஷம் கிடைக்கும்.

பன்னிரண்டு மணி நேரம் முடிந்ததும் போய்விடலாம் என்றும் இல்லை. ஓவர் வாங்க அடுத்த ஆள் வந்தால்தான் போகலாம். மேனேஜர் இந்த வழக்கத்தில் ஒரு வசதியைக் கண்டுபிடித்தார். ஆள் போதவில்லையென்றால் புதிய ஆள் எடுக்க வேண்டாம். அடுத்த ஆளை அனுப்பாமல் இருந்தால் போதும். இருக்கிற ஆள் எங்கேயும் போகாது. "ஆள் வரல சிஸ்டர், கொஞ்சம் பாத்துக்கங்க" என்பார். பெரிய சிஸ்டரும் பார்த்துக்கொள்வார். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே சேலையில் அவரை நான் பார்த்திருக்கிறேன்.

ஒரு நாள் காலை பதினோரு மணி இருக்கும். கம்பம் ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு சின்ன நர்ஸ் பிள்ளை லிஃப்டில் ஏறி ஸ்டூலில் உட்கார்ந்தது. முதல் நாள் காலையில் வந்த பிள்ளை, இன்னும் வீட்டுக்குப் போகவில்லை. முதல் மாடி வருவதற்குள் சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டது. எழுப்ப மனசு வரவில்லை. எங்கேயும் கதவைத் திறக்காமல் மேலேயும் கீழேயும் போய்க்கொண்டே இருந்தேன். நாலு தளத்திலும் ஆட்கள் கதவைத் தட்டினார்கள். இருபது நிமிஷம் கழித்து மேனேஜர் படியேறி, இரண்டாவது மாடியில் லிஃப்டை நிறுத்தி எங்களைப் பிடித்தார். அந்தப் பிள்ளை திடுக்கிட்டு எழுந்து, நின்றபடியே மயங்கி விழுந்தது. ஆஸ்பத்திரிக்குள்ளேயே விழுந்ததால் உடனே சிகிச்சை கிடைத்தது என்று மேனேஜர் பிறகு சொன்னார்.

மறுநாள் அந்தப் பிள்ளை வேலையைவிட்டுப் போகிறேன் என்று சர்டிபிகேட்டைக் கேட்டது. வேலைக்குச் சேரும்போதே எல்லா நர்ஸுடைய அசல் சர்டிபிகேட்டையும் வாங்கி மேனேஜர் தன் பீரோவில் பூட்டி வைத்திருப்பார். இரண்டு வருஷம் முடியாமல் தர முடியாது என்றார். அன்றைக்குத்தான் நர்ஸ்கள் கூடிப் பேசினார்கள். எட்டு மணி நேர வேலை, பத்து கட்டிலுக்கு ஒரு நர்ஸ், கூடுதல் சம்பளம், சர்டிபிகேட் அவரவர் கையில், வார்டில் நாற்காலி. இல்லாவிட்டால் வேலைநிறுத்தம். மூன்றாவது மாடி ஐசியுவிலும் அவசரப் பிரிவிலும் இருக்கிறவர்கள் மட்டும் வேலை பார்ப்பார்கள், மற்றவர்கள் வெளியே போவார்கள் என்று இரண்டு வாரம் முன்பே எழுதிக் கொடுத்தார்கள். மாற்று ஏற்பாடு செய்துகொள்கிறோம் என்று ஆஸ்பத்திரியும் பதில் எழுதியது.

அந்த இரண்டு வாரமும் என் லிஃப்டில் ஒரே விவாதம்.

பதினொன்றாம் கட்டிலில் தல்லாகுளத்துக்காரர் ஒருவர், ஓய்வு பெற்ற தாசில்தார், குடலிறக்க ஆபரேஷனுக்கு வந்திருந்தார். ஸ்கேனுக்குப் போகும்போதெல்லாம் பேசுவார்.

"நர்ஸுன்னா சேவை. சேவை செய்ய வந்துட்டு ஸ்ட்ரைக் பண்றது தர்மமா? நோயாளி என்ன பண்ணுவான்?"

பதிலுக்கு எப்போதும் ஒரு அம்மா இருந்தார். மாட்டுத்தாவணியில் பூக்கடை. கணவரை இருபத்திரண்டாம் கட்டிலில் சேர்த்திருந்தார்.

"சேவைன்னா நீங்க வாங்குற பென்சன வேணாம்னு எழுதிக் குடுங்கய்யா, பாப்போம்."

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? உங்க ஆபீசுல உக்காந்து வேலை பாத்தீக, இதுக நின்னுக்கிட்டு பாக்குதுக. அம்புட்டுத்தான் வேற."

"நாளைக்கு உங்க வீட்டுக்காரருக்கு ஒண்ணுன்னா யாரைக் கூப்புடுவீங்க?"

"தூக்கத்துல நடக்குற பிள்ளையக் கூப்புட்டு மட்டும் என்ன ஆகப்போகுது? தப்பான ஊசியப் போட்டுட்டா?"

இதற்குள் மூன்றாவது மாடி வந்துவிடும். என் லிஃப்டில் எந்த விவாதமும் முடிந்தது கிடையாது. எனக்கு அவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது, இவர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. என்னை யாரும் கேட்கவில்லை.

நர்ஸ் பிள்ளைகளுக்கு அந்தக் குழப்பம் இல்லை. அவர்களுக்கு ஒரே கேள்விதான். பெரிய சிஸ்டர் வருவாரா? "சிஸ்டர் வந்தா உக்காருவோம், வராட்டி எங்களுக்கு எப்படித் தைரியம் வரும்?" என்றார்கள். மேனேஜர் நாலு பேரை வேலையைவிட்டு எடுப்பது என்று முடிவெடுத்தால் சின்னப் பிள்ளைகளைத்தான் எடுப்பார். பெரிய சிஸ்டர் நடுவில் உட்கார்ந்திருந்தால் யாரையும் தொட முடியாது.

ஒரு மத்தியானம் அவர் மட்டும் லிஃப்டில் வந்தார். ஸ்டூலைக் கொடுத்தேன். வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்தார்.

"போகணும் தம்பி. அந்தப் பிள்ளை விழுந்ததப் பாத்ததுக்கப்புறம் போகாம இருந்தா நான் மனுஷியே இல்ல. ஆனா கால் வலிக்குதுன்னு வெளிய போறேன்னு வையி, அந்த நேரத்துல எவனுக்காச்சும் ஒண்ணு ஆயிருச்சுன்னா, அந்தக் கால வச்சுக்கிட்டு அப்புறம் நான் எங்கிட்டுப் போறது?"

எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன்.

அந்த நாள் வந்தது. எட்டு மணிக்கு வேலைநிறுத்தம். வாசலுக்கு வெளியே காலி மனையில் ஷாமியானா போட்டு, நாற்காலி அடுக்கி, மைக் கட்டியிருந்தார்கள். பெரிய சிஸ்டர் வழக்கம்போல ஏழு மணிக்கே வந்து, இரவு பார்த்த பிள்ளையைப் போகவிட வேண்டுமே என்று தானே ஓவர் வாங்கிக்கொண்டார். அங்கேதான் மாட்டிக்கொண்டார். எட்டு மணிக்கு ஐசியு, அவசரப் பிரிவு தவிர மற்ற எல்லா நர்ஸ்களும் பந்தலில் இருந்தார்கள். அவர் மட்டும் முப்பது கட்டிலுக்கு நடுவில் நோட்டும் கையுமாக நின்றார்.

மாற்று ஏற்பாடு என்று யாரும் வரவில்லை. சும்மா அந்தப் பக்கம் வந்த ஒரு சின்ன டாக்டரைப் பிடித்து, "சார், ஓவர் வாங்கிக்கங்க" என்றார். அவர் அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆங், சொல்லுங்க, சொல்லுங்க" என்றபடி படியிறங்கிப் போய்விட்டார். மேனேஜரிடம் கேட்டார். "நான் மேனேஜர்மா, நான் எப்படி வாங்குறது? ஆள் வரும், இருங்க" என்றார்.

அப்புறம் மேனேஜர் லிஃப்டில் ஏறினார். பெரிய டாக்டருக்குப் போன் போட்டார். பெரிய டாக்டர் என்றால் முதலாளி.

"ஒண்ணும் கவலைப்படாதீங்க சார். ஓவர் வாங்க நான் ஆளே அனுப்பல. அனுப்பாட்டி அந்தம்மா எங்கிட்டுப் போகும்? அது வராட்டி மத்ததுகளும் பத்து மணிக்குள்ள வெயில் தாங்காமத் திரும்பி வந்துரும். எனக்குத் தெரியாதா சார்."

சிரித்தார். நான் அவருக்கு ஒரு முழத்துக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். லிஃப்டில் இருப்பவனுக்குக் காது உண்டு என்று யாரும் நினைப்பதில்லை.

தரைத்தளத்தில் அவரை இறக்கிவிட்டேன். பிறகு நான் செய்ததை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கே நம்பிக்கை வரவில்லை. லிஃப்டை இரண்டாவது மாடிக்குக் கொண்டுபோய், கதவைத் திறந்து வைத்து, ஃபேனை அணைத்துவிட்டு, வார்டுக்குள் போனேன். முப்பது நோயாளிகளும் அவர்களோடு வந்தவர்களும் என்னைப் பார்த்தார்கள்.

"எனக்குக் குடுங்க" என்றேன்.

"எதை?"

"ஓவர்."

பெரிய சிஸ்டர் என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"உனக்கா?"

"யாருக்காச்சும் குடுக்கணும்ல." மேனேஜர் போனில் பேசியதைச் சொன்னேன். அவ்வளவு நீளமாக நான் அதுவரை யாரிடமும் பேசியதில்லை.

அவர் முகம் மாறியது. பிறகு ஐசியு சிஸ்டருக்குப் போன் போட்டுப் பேசினார். என்னிடம் திரும்பினார்.

"ஊசி, மாத்திரை, பாட்டில் எதையும் நீ தொடக்கூடாது. ஐசியுல நாலு பேரு இருக்காங்க. மணிக்கொரு தடவை ஒருத்தி வந்து பாத்துட்டுப் போவா. நான் வெளிய அம்பது அடியில இருக்கேன். உனக்கு ரெண்டே வேலை. பாக்குறது, கூப்புடுறது. கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்ப வா."

முப்பது கட்டிலுக்கும் ஓவர் கொடுத்தார். கீழே கோஷம் போட்டுக்கொண்டிருந்தார்கள், அவர் அவசரப்படவில்லை. "ஒண்ணாம் கட்டில், சக்கரை. சம்சாரம் தலகாணி உறைக்குள்ள ஜாங்கிரி கொண்டு வரும், பாத்தாப் பிடுங்கிரு. நாலாம் கட்டில், கால்ல கட்டு. அரை மணிக்கு ஒரு தடவை சாகப் போறேம்பாரு, சாக மாட்டாரு. அடுத்தடுத்து மூணு தடவை சொன்னா மட்டும் கூப்புடு. பதினொண்ணு, சாரு நடக்கணும். நடங்கன்னா கோவிப்பாரு, வாங்க சார்னா நடப்பாரு."

"நான் கேட்டுக்கிட்டுத்தாம்மா இருக்கேன்" என்றார் தாசில்தார்.

"கேக்கணும்னுதான் சொல்றேன் சார். பதினாலு, ட்ரிப்ஸ் ஓடுது. தண்ணி பாட்டில் கழுத்துக்கு வந்ததும் ஐசியுவுக்குப் போன். கழுத்துக்கு வரும்போது, வந்ததுக்கப்புறம் இல்ல."

எல்லாவற்றையும் திருப்பிச் சொன்னேன். இந்தத் தடவை எதையும் மறக்கவில்லை. நோட்டில் பேர் எழுதினேன். அவர் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் எழுத்து பெரிசு பெரிசாக இரண்டு வரியை அடைத்துக்கொண்டது.

லிஃப்டுக்கு ஆள் இல்லாததால் அவர் படியிறங்கிப் போனார். வார்டே ஜன்னலுக்கு வந்துவிட்டது. அவர் பந்தலுக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் கத்திய சத்தத்தில் நாலாம் கட்டில்காரர் சாவதை மறந்துவிட்டார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார்கள். அவர் உட்கார்ந்தார்.

"அட, உக்காந்துட்டாக!" என்றார் பூக்கடை அம்மா.

ஒன்பது மணிக்கு மேனேஜர் மூச்சு வாங்கப் படியேறி வந்தார். நான் பதினாலாம் கட்டில் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"யோவ் லிஃப்ட்டு! இங்க என்னய்யா பண்ற?" அவருக்கு என் பேர் லிஃப்ட்டு.

"ஓவர் வாங்கியிருக்கேன் சார்."

"என்னது?"

நோட்டைக் காட்டினேன். படித்தார். மறுபடி படித்தார்.

"கீழ போய்யா!"

"போறேன் சார். நீங்க வாங்கிக்கிட்டா இப்பவே போறேன். ஓவர் வாங்க ஆள் வராம எப்படி சார் போறது?"

கிண்டலுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே எனக்குப் பயமாக இருந்தது. முப்பது பேர் என் கையெழுத்தில் இருந்தார்கள்.

"நான் சொல்றேன், போய்யா!"

அப்போது பதினொன்றாம் கட்டிலிலிருந்து தாசில்தார் எழுந்து உட்கார்ந்தார். "மிஸ்டர், ஸ்ட்ரைக் தப்புங்கறது என் அபிப்பிராயம். அதுல மாத்தம் இல்ல. ஆனா சார்ஜ் எடுத்தவன் சார்ஜ் குடுக்காம எந்திரிச்சுப் போகக்கூடாது. முப்பத்தாறு வருஷ சர்வீஸ்ல நான் போனதில்ல. நீங்க சார்ஜ் வாங்குங்க, இல்ல அவரை விடுங்க."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். ஏழெட்டு செல்போன் அவரைப் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் என் பின்னால் வந்தார். "ஒண்ணாம் கட்டில் சார், சக்கரை. தலகாணி உறையப் பாத்துக்கங்க" என்று ஆரம்பித்தேன். ஆறாம் கட்டிலுக்கு வந்தபோது பதினாலாம் கட்டில் பாட்டிலில் தண்ணீர் கழுத்துக்கு வந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ஐசியுவுக்குப் போன் செய்தேன். அதே நேரத்தில் பெரிய டாக்டர் வார்டு வாசலில் வந்து நின்றார். பெருத்த உடம்பு. அவர் படியேறிப் பல வருஷம் ஆகியிருக்கும்.

"லிஃப்ட் ஏன் ஓடல?"

"இங்க இருக்கு சார்" என்று மேனேஜர் என்னைக் காட்டினார்.

"லிஃப்ட் ஏன் வார்டுல இருக்கு?"

பூக்கடை அம்மாதான் வாயைத் திறந்தார். "ஏன் டாக்டரய்யா, எங்க வீட்டுக்காரர லிஃப்டுக்காரரு கையில விட்டுட்டு, பில்லு மட்டும் டாக்டர் கணக்குல போடுவீகளா?"

பெரிய டாக்டர் நோட்டை வாங்கிப் பார்த்தார். பிறகு பதினாலாம் கட்டிலுக்குப் போய்ப் பாட்டில் குழாயில் இருந்த சக்கரத்தை உருட்டி அவரே மூடினார். ஐசியு சிஸ்டர் வந்து வேறு பாட்டில் மாட்டும் வரை நாடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். படியேறி வந்ததில் இன்னும் மூச்சு வாங்கியது. நெற்றியைத் துடைத்தார். பின்னால் கையை நீட்டித் தடவினார்.

"இங்க உக்கார ஒரு சேர் கிடையாதா?"

மேனேஜர் தரையைப் பார்த்தார். நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. பெரிய டாக்டர் முப்பது கட்டிலையும் ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பிறகு மேனேஜரிடம், "மிச்சத்தையும் வாங்கி முடி. இங்கயே நில்லு" என்று சொல்லிவிட்டு, படியிறங்கிப் பந்தலுக்குப் போனார்.

பேச்சு மூன்று மணி வரை நடந்தது. எட்டு மணி நேர வேலை ஒத்துக்கொண்டார்கள். சர்டிபிகேட் அன்றைக்கே பீரோவிலிருந்து வெளியே வந்தது. ஜெனரல் வார்டுக்கு இன்னும் ஒரு நர்ஸ், இரண்டு நாற்காலி. சம்பளம் கேட்டதில் பாதிகூடக் கிடைக்கவில்லை. அதில் சின்னப் பிள்ளைகளுக்கு வருத்தம் உண்டு. எனக்கு, லிஃப்டைவிட்டு வார்டுக்குள் போனதற்கு ஒரு மெமோ கிடைத்தது. அதில் மேனேஜர் போட்ட கையெழுத்தும், ஓவர் நோட்டில் என் பேருக்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தும் ஒன்றுபோலவே இருந்தன.

பெரிய சிஸ்டர் பந்தலிலிருந்து நேரே வார்டுக்கு வந்தார். மாலை போட வந்த பிள்ளைகளை ஒதுக்கிவிட்டு மேனேஜர் முன்னால் நின்றார்.

"குடுங்க சார் ஓவர்."

ஆறு மணி நேரம் நின்றதில் மேனேஜர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றுகொண்டிருந்தார். "எல்லாரும் நல்லா இருக்காங்க சிஸ்டர்" என்றார்.

"அது ஓவர் இல்ல. ஒண்ணாம் கட்டில்லருந்து வாங்க."

முப்பதாவது கட்டில் வரும்போது மணி நாலரை. ஜாங்கிரி இரண்டு பிடிபட்டது.

புது நேரம் அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. அன்றைக்கு மத்தியானம் மூன்று மணிக்கு அடுத்த நர்ஸ் சரியாக வந்து, ஓவர் வாங்கிக் கையெழுத்துப் போட்டுவிட்டது. பெரிய சிஸ்டர் கைப்பையோடு லிஃப்டில் ஏறினார். ஸ்டூலைக் கொடுத்தேன். வேண்டாம் என்றார். ஏதோ யோசனையில் இருந்தார்.

"வெயில் இருக்கும்போது நான் வெளிய போயே பழக்கமில்ல தம்பி. வீட்டுலயும் இந்நேரம் யாரும் இருக்க மாட்டாக. மூணு மணிக்கு மனுஷங்க என்னதான் செய்வாக?"

என்னை ஒருவர் யோசனை கேட்டது அதுதான் முதல் தடவை. நன்றாக யோசித்தேன்.

"டீ குடிப்பாங்க."

"அப்படியா" என்றார்.

கதவைத் திறந்தேன். வாசலில் போய்க் கண்ணுக்கு மேலே கையை வைத்துக்கொண்டு, எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு இரண்டு பக்கமும் பார்த்து மெதுவாக ரோட்டைத் தாண்டினார். எதிரே இருந்த டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிக் காலை நீட்டினார். அவர் முழு டீயையும் குடித்து முடிக்கும் வரைக்கும் நான் லிஃப்டைத் தரைத்தளத்திலேயே நிறுத்தி வைத்து, கதவைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே மூன்று மாடியிலும் லிஃப்ட் மணி அடித்துக்கொண்டிருந்தது.